ஒரே மாதிரி 36 வீடுகள்

காரை நிறுத்திவிட்டு இருபது அடி நடந்திருப்போம். அம்மா தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். "இது யாரோ கட்டிக் குடுத்த வீடுகடா" என்றாள். "எப்படிம்மா சொல்ற?" என்று கேட்டேன். "தானா கட்டிக்கிறவன் எவனும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியே கட்ட மாட்டான். ஒருத்தன் வாசலை ரெண்டடி முன்னால இழுப்பான், ஒருத்தன் சன்னலைப் பெருசா வைப்பான், ஒருத்தன் காசு இல்லாம பாதியில நிறுத்தியிருப்பான். இங்க பாரு, அளந்து வச்ச மாதிரி இருக்கு." அவளுக்கு அந்த ஊரின் பெயரைக்கூட நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

ஊரின் பெயர் மில்டன் அபஸ். தெற்கு இங்கிலாந்தில், டார்செட் மாவட்டத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இங்கே வேலைக்கு வந்த முதல் வருடத்திலிருந்தே அந்தத் தெருவை எனக்குத் தெரியும். வேலையிடத்தில் டீ குடிக்கும் அறையில் தொங்கிய காலண்டரில் ஜூன் மாதத்துப் படம் அதுதான். வெள்ளைச் சுவர்கள், தலையில் கனத்துக் கிடக்கும் வைக்கோல் கூரை, வீடுகளுக்கு முன்னால் வேலியே இல்லாமல் ஓடும் புல்தரை, நடுவில் மெல்ல வளைந்து மேடேறும் சாலை. படத்தைப் பார்த்துத்தான் தேடிப் போனேன். அதன்பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்திருந்தேன். அம்மா மட்டும்தான் கைபேசியை வெளியே எடுக்காமல், வீட்டைக் கட்டியவன் யார் என்று யோசித்தாள்.

கட்டியவர் ஜோசப் டேமர். மில்டன் பிரபு என்ற பட்டமும், பிற்பாடு டார்செஸ்டர் ஏர்ல் என்ற பட்டமும் பெற்றவர். 1752இல் இந்தப் பண்ணையை வாங்கினார். வாங்கும்போது இங்கே புல்வெளி கிடையாது. 10ஆம் நூற்றாண்டில் அதெல்ஸ்டன் மன்னர் தொடங்கிய மடத்தின் பழைய கோயிலை ஒட்டி, அதன் சுவர் நிழல் விழும் தூரத்தில், மில்டன் என்ற டவுன் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், மதுக்கடைகள், பீர் வடிக்கிற இடம், பள்ளிக்கூடம், சந்தை. 1539இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது துறவிகள் வெளியேறினார்கள், டவுன் வெளியேறவில்லை. அடுத்த வருடமே ஹென்றியின் விவாகரத்து வழக்கில் உழைத்த ஜான் ட்ரெகன்வெல் என்ற வக்கீல் 1,000 பவுண்டுக்கு இந்த இடத்தை வாங்கினார். அவர் குடும்பத்தோடும் டவுன் சேர்ந்தே வாழ்ந்தது. டேமருக்கு அது முடியவில்லை. பழைய மடத்துக் கட்டடங்களை இடித்து, வில்லியம் சேம்பர்ஸை வைத்து மாளிகை கட்டினார். லான்சலாட் பிரவுனை வைத்துக் குன்றுகளையும் மரங்களையும் ஒழுங்கு செய்தார். அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு மாளிகையின் சன்னலிலிருந்து பார்த்தால் புல்லும் நீரும் தொலைவில் மரக்கூட்டமும் மட்டும் தெரிய வேண்டும். டேமரின் சன்னலில் தெரிந்தது கடைத்தெரு.

அதனால் டவுனை எடுத்தார். அரை மைல் தள்ளி, மாளிகையிலிருந்து கண்ணுக்கே எட்டாத ஒரு மடிப்பில், 1773க்கும் 1780க்கும் இடையில் இந்தத் தெருவைக் கட்டினார். 36 வீடுகள். ஒவ்வொன்றும் இரண்டு குடும்பத்துக்கு. இன்று எல்லாம் வெள்ளை; முன்பு மஞ்சள் பூசியிருந்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரம் நட்டிருந்தார்கள். அவை பெருத்து வளர்ந்து வீடுகளை இருட்டடிக்க, கடந்த நூற்றாண்டின் நடுவில் வெட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் தெருவில் நடந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன். கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு டவுனையே இடித்த மனிதனைப் பற்றி வேறு எப்படிச் சொல்வது? அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வீட்டின் பக்கவாட்டில் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "மண்சுவருதான" என்றாள். ஆமாம். களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்து, அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிட்டுக் கட்டுகிற சுவர். எங்கள் பழைய வீட்டுச் சுவரும் அதே முறைதான்; அங்கே சுண்ணாம்புக்கல் கிடையாது, அவ்வளவே. அம்மா சுவரின் கனத்தைக் கண்ணால் அளந்தாள். பிறகு சொன்னாள்: "இடிச்சான், சரி. தெருவுல விட்டுட்டுப் போகலையே. கட்டிக் குடுத்திருக்கான்ல."

எனக்குப் பதில் வரவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பத்து நிமிடம் வாதாடியிருப்பேன். ஆனால் அம்மா ஒழுகுகிற கூரைக்குக் கீழே பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். மழை பிடித்தால் எந்த மூலையில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்று இருட்டிலும் அவளுக்குத் தெரியும். அரசாங்கத் தொகுப்பு வீடு கிடைத்த வருடம், ஐப்பசி மழை முதன்முதலாக அடித்த இரவில், நாங்கள் எல்லோரும் தூங்கிய பிறகும் அவள் மட்டும் உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தபடியே இருந்தாள். எங்கேயும் சொட்டவில்லை. அந்த வீடும் பக்கத்து வீடும் அதற்கடுத்த வீடும் ஒரே அச்சு. கட்டிக் கொடுத்தவர்களை அவள் இன்று வரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளிடம், டேமர் கட்டிக் கொடுத்தது ஒரு பொருட்டே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. கட்டிக் குடுத்திருக்கான்ல. உண்மைதானே. மழைக்குள் தள்ளவில்லை. கூரையும் சுவரும் பின்னால் மேடேறும் தோட்டமும் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஏன் எனக்கு மனம் ஆறவில்லை? வெறும் பணக்காரன் மேலுள்ள கசப்பா? குளிர்காலம் முழுக்க, கிடைத்த நேரத்தில் எல்லாம் இந்த ஊரைப் பற்றிப் படித்தேன்.

காத்திருந்து இடிப்பது

படித்ததில் முதலில் என்னை உலுக்கியது காலக்கணக்கு. டவுனை இடித்தார் என்றதும் நான் மனதில் பார்த்தது ஒரு நாள் காலை: ஆட்கள், கடப்பாரை, அழுகை. அப்படி நடக்கவில்லை. பண்ணையை வாங்கியது 1752. புதுத் தெரு முடிந்தது 1780. நடுவில் 28 வருடம். இங்கிலாந்தின் இந்த மேற்குப் பகுதியில் அப்போது குத்தகையை வருடக் கணக்கில் மட்டும் எழுத மாட்டார்கள். உயிர்க் கணக்கில் எழுதுவார்கள். பெரும்பாலும் மூன்று பேரின் பெயரைப் போடுவார்கள். அப்பா, மகன், பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று பேரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும் வரை வீடு அவர்களுடையது. நிலம் யாருடையதாக இருந்தாலும் அவர் உள்ளே கால் வைக்க முடியாது. கடைசிப் பெயர்க்காரர் செத்தால் குத்தகை தீரும், வீடு நிலக்காரருக்குப் போகும்.

ஆக டேமர் செய்ய வேண்டியிருந்தது காத்திருப்பதுதான். விற்க ஒப்புக்கொண்டவர்களிடம் குத்தகையை விலைக்கு வாங்கினார். மற்ற வீடுகளில் ஆட்கள் சாகும் வரை பொறுத்தார். தீர்ந்த வீட்டை உடனே இடித்தார். அந்த வருடங்களில் அந்த டவுனில் குடியிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் அது ஒரு வீட்டுத் துக்கம் மட்டுமாக இருந்திருக்காது. வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி நேற்று வரை கடை இருந்த இடம் இன்று வெறுந்தரை. அதை ஒட்டிய வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். 1752இல் பிறந்த குழந்தைக்குப் புதுத் தெரு முடியும்போது 28 வயது. அவனுக்கு ஊர் என்றாலே குறைந்துகொண்டு வருகிற ஒன்று என்றுதான் தெரிந்திருக்கும்.

வில்லியம் ஹாரிசன் என்ற வக்கீல் அந்த டவுனில் இருந்தார். அவர் தன் குத்தகையை விற்க மறுத்தார். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்றார். அவர் வீட்டுக்கு மேலே துறவிகள் காலத்துக் குளம் ஒன்று இருந்தது. டேமர் அதன் மதகைத் திறந்துவிடச் சொல்லி, தண்ணீரை அவர் வீட்டுக்குள் ஓடவிட்டார் என்று டார்செட்டில் இன்றும் சொல்கிறார்கள். ஹாரிசன் வழக்குப் போட்டார், ஜெயித்தார். இந்த ஊருக்குப் போகும் எவரிடமும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பிரபுவை எதிர்த்து நின்ற தனி மனிதனின் கதை என்றுதான் சொல்வேன். குளிர்காலத்தில் மறுபடி படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அவர் ஒரு வக்கீல். வக்கீல் ஒருவர் பிழைக்கும் அளவுக்கு அந்த இடத்தில் பத்திரம் எழுதுவோரும் கடன் கொடுப்போரும் வழக்கு உள்ளோரும் இருந்திருக்கிறார்கள். அதைத்தான் டவுன் என்பது.

டேமர் எல்லோருடனும் இப்படித்தான் நடந்துகொண்டார் போலிருக்கிறது. அவருக்கு மாளிகை கட்டிய சேம்பர்ஸே, அவரை மரியாதை தெரியாத, அதிகாரம் பிடித்த பிரபு என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் டேமர் ஒருவரின் குணம் மட்டும் இது என்று எண்ணி விட்டுவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் நியூனம் கோர்ட்னியில் ஹார்கோர்ட் பிரபு 1760களில் இதையே செய்தார். ஊரை எடுத்துச் சாலையோரம் இரண்டு வரிசையாக வைத்தார். டெவன்ஷயர் டியூக்கின் சாட்ஸ்வர்த் மாளிகைக்கு எதிரே இருந்த என்சர் கிராமத்தை 1830களின் இறுதியில் நகர்த்தினார்கள். அங்கே அம்மாவின் விதி பொய்த்துப்போகும்: என்சரில் ஒரு வீடு போல இன்னொரு வீடு இல்லை. ஒன்று சுவிட்சர்லாந்து மலைவீடு மாதிரி, ஒன்று இத்தாலிய மாளிகை மாதிரி, ஒன்று சின்னக் கோட்டை மாதிரி. ஆனால் அந்த வேறுபாட்டையும் தேர்ந்தெடுத்தது டியூக்தான், குடியிருந்தவர்கள் இல்லை. அம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தால் அதையும் கண்டுபிடித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

பளிங்கு

மார்ச் மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் தனியாகப் போனேன். இம்முறை தெருவில் நிற்கவில்லை. ஏரியை ஒட்டி நடந்து நேராகப் பழைய கோயிலுக்குப் போனேன். பாதிக் கோயில் என்றுதான் சொல்ல வேண்டும். 1309இல் இடி விழுந்து எரிந்த பிறகு திரும்பக் கட்டத் தொடங்கி, நீண்ட பகுதியைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். இருக்கிற பாதியே நிமிர்ந்து பார்க்கக் கழுத்து வலிக்கும் உயரம். ட்ரெகன்வெல் குடும்பத்துப் பையன் ஒருவன் ஐந்து வயதில் இதன் கூரையிலிருந்து விழுந்தானாம். காற்று அவன் அணிந்திருந்த கவுனுக்குள் புகுந்து குடையாக விரிந்து, காயமின்றித் தரையில் இறக்கியதாம். பெரியவனாகிச் சாகும்போது நன்றிக் கடனாகத் தன் புத்தகங்களை எல்லாம் இந்தக் கோயிலுக்கு எழுதி வைத்தான்.

உள்ளே வடபுறத்தில் டேமரின் மனைவி கரோலைனின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ராபர்ட் ஆடம் வடிவமைத்து, அகஸ்டினோ கார்லினி செதுக்கிய வெள்ளைப் பளிங்கு. அவள் கண் மூடிப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் டேமர், முழங்கையை ஊன்றித் தலையைக் கையில் தாங்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் இறந்தது 1775இல். அடுத்த வருடம் மூத்த மகன் ஜான், தீர்க்க முடியாத கடனில் சிக்கி, லண்டனில் ஒரு விடுதி அறையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். தெருவின் 36 வீடுகளும் பாதி எழும்பியும் பாதி எழும்பாமலும் நின்ற வருடங்கள் அவை. அந்தப் பளிங்கு முகத்தில் இருப்பது நிஜத் துக்கம். செதுக்கியவனின் திறமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வெளியே வந்ததும்தான் நினைவுக்கு வந்தது. இந்தக் கோயிலைச் சுற்றி டவுன்காரர்களின் இடுகாடு இருந்தது. டேமர் அதைச் சமப்படுத்தினார்; கற்களை அகற்றிப் புல் விதைத்தார். கோயிலையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். துறவிகள் போன பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக ஊர்க்கோயிலாக இருந்த இடம் மாளிகையின் சொந்தக் கோயிலாயிற்று. ஊருக்கு 1786இல் புதுத் தெருவில் வேறொரு கோயில் கட்டிக் கொடுத்தார். இறந்தவளை விட்டுப் பிரிய முடியாமல் பக்கத்திலேயே சாய்ந்து கிடக்கும் அதே மனிதர், தெருவில் இருந்தவர்களுக்கும் இறந்தவர்கள் உண்டு என்பதை எப்படி மறந்தார்? இதற்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

எது வந்தது, எது வரவில்லை

கோயிலுக்குக் கிழக்கே குன்றின் மேல் புனித கேத்தரின் பெயரில் ஒரு சின்னப் பழங்கோயில். அதற்கு ஏற 111 படிகள். கல் படி இல்லை, மண்ணை வெட்டிப் புல் வளர்த்த படிகள். அதில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் வைத்த மாதிரி கீழே கோயிலும் மாளிகையும் புல்லும். பிரவுன் செய்த வேலை மிக அழகானது. அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. இவ்வளவு அமைதியாக ஓர் இடத்தை ஆக்குவதற்கு ஒரு மேதை வேண்டும். இறங்கி வந்து, அந்தப் புல்வெளியில் நடந்தேன். வெயில் சாய்வாக விழும் நேரம். சமமாகத் தெரிந்த தரையில் அங்கங்கே லேசான மேடுகளும் பள்ளங்களும் நிழல் கட்டி எழுந்தன. என் கால் எதன் மேல் இருக்கிறது என்று நினைத்து நின்றுவிட்டேன்.

அங்கேதான் அந்தக் கல்லைப் பார்த்தேன். பழைய சந்தைச் சிலுவையின் அடிப்பீடம். இங்கிலாந்தில் சந்தை கூடும் உரிமை உள்ள ஊர்களில் நடுவில் ஒரு கல் சிலுவை நிறுத்துவார்கள். அதன் காலடியில்தான் கோழியும் வெண்ணெயும் துணியும் கைமாறும்; விலை பேசுவார்கள், சத்தியம் செய்வார்கள், சண்டை போடுவார்கள். இப்போது மேலே சிலுவை இல்லை, சுற்றிலும் யாரும் இல்லை. புல்லுக்கு நடுவே ஒரு கல். முன்பும் இதைக் கடந்து போயிருப்பேன். பழைய காலத்துக் கல் என்று விட்டிருப்பேன். அன்று அதன் மேல் கை வைத்ததும், அம்மாவின் கேள்விக்கு நான் தேடிய பதில் வீடுகளில் இல்லை என்று புரிந்தது. கட்டிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். டேமர் பழைய ஊரிலிருந்து எவற்றைப் புது ஊருக்குத் தூக்கிப் போனார், எவற்றை விட்டுவிட்டார் என்று பார்க்க வேண்டும்.

ஏழை முதியவர்களுக்காக 1674இல் கட்டிய தர்மக் குடியிருப்பு ஒன்று பழைய டவுனில் இருந்தது. அதை டேமர் இடித்து எறியவில்லை. பிரித்து எடுத்து, 1779இல் புதுத் தெருவின் நடுவில் திரும்பப் பூட்டினார். இன்றும் புதுக் கோயிலுக்கு எதிரே அது நிற்கிறது. தெருவிலேயே மிக அழகான கட்டடம். 36 வீடுகளுக்கு நடுவில் வேறு முகத்தோடு இருக்கிற ஒன்று அதுதான். கோயில் ஒன்று கொடுத்தார். மதுக்கடை ஒன்று கொடுத்தார். ஆனால் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவரவில்லை. 1521இல் மடத்தின் தலைவர் வில்லியம் மிடில்டன் தொடங்கிய பள்ளி அது. ட்ரஃபால்கர் கடற்சண்டையில் இங்கிலாந்துத் தளபதி நெல்சன் குண்டடிபட்டு விழுந்தபோது பக்கத்தில் இருந்த கப்பல் தலைவர் ஹார்டி, சிறுவனாகக் கொஞ்ச காலம் அதில் படித்தவர். மாளிகைக்குப் பக்கத்தில் பையன்களின் சத்தமும், தோட்டத்துக்குள் அவர்கள் புகுந்து பழம் பறிப்பதும் டேமருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கென்று தனி நிர்வாகிகள் இருந்தார்கள். அவர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 1785இல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே கொண்டுவந்து, பள்ளியை ஏழெட்டு மைல் தள்ளி பிளாண்ட்ஃபோர்டுக்கு அனுப்பினார். சந்தைச் சிலுவை இந்தப் புல்லிலேயே கிடந்துபோயிற்று.

நினைக்க நினைக்க நெஞ்சு கனத்தது. தர்மம் வாங்கும் கிழவர்களுக்கு இடம் உண்டு. படித்துக் கேள்வி கேட்கும் பையன்களுக்கு இல்லை. தொழ இடம் உண்டு. விற்று வாங்க இடம் இல்லை. கோயில், தர்மக் குடியிருப்பு, வரிசை வீடுகள் எல்லாம் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் மற்றவர் என்று ஆக்குகிற கட்டடங்கள். சந்தையும் பள்ளியும் வக்கீல் வீடும் மனிதர்கள் ஒருவரோடொருவர் சமமாக உட்கார்ந்து தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள். டேமர் உட்கார்ந்து இப்படித் திட்டம் போட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு எது சத்தமாகப் பட்டதோ அது போயிற்று, எது அமைதியாகப் பட்டதோ அது தங்கியது. ஆனால் அந்தச் சத்தம்தான் அவர்களை டவுன்காரர்களாக வைத்திருந்தது. அது போன பிறகு அவர்கள் ஒரு பிரபுவின் கிராமத்து ஆட்கள்.

வீட்டுக் கணக்கும் இடித்தது. பழைய டவுனில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். புதுத் தெருவில் 36 வீடு, வீட்டுக்கு இரண்டு குடும்பம் என்றால் 72. அந்த 72 குடும்பமும் பாதி வீட்டில்தான். நடுவில் ஒரு வாசல்; நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு குடும்பம், வலப்பக்கம் ஒரு குடும்பம். வெளியிலிருந்து பார்க்கும்போது விசாலமான தனி வீடு மாதிரி தெரியும். காலண்டர் படத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணுக்காகவே அளந்து கட்டிய தெரு அது என்று அன்றுதான் தோன்றியது: புல்லில் வேலி வேண்டாம், வீடு வரிசை தப்ப வேண்டாம், மரம் சரியான இடைவெளியில் வேண்டும். யாராவது ஒருவர் தன் பங்குக்கு ஒரு பந்தல் போட்டிருந்தால் படம் கெட்டிருக்கும்.

டேமரின் வம்சம் நீடிக்கவில்லை. இரண்டாவது மகன் பட்டத்தை ஏற்று, 1808இல் வாரிசின்றி இறந்தான். பட்டமும் அவனோடு தீர்ந்தது. 1852இல் ஹாம்ப்ரோ என்ற வங்கிக் குடும்பம் வாங்கியது. கில்பர்ட் ஸ்காட்டை வைத்துப் பழைய கோயிலைச் செப்பனிட்டது அவர்கள்தான். தெருவின் மதுக்கடையில் இன்றும் அவர்கள் பெயர்தான் தொங்குகிறது. 1932இல் பண்ணை துண்டு துண்டாக விலைபோயிற்று. 1954இல் டேமரின் மாளிகையில் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கினார்கள். பையன்களின் சத்தம் மறுபடி அந்தப் புல்வெளிக்கு வந்தது.

அன்று மாலை தெரு வழியாகத்தான் காருக்குத் திரும்பினேன். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா மண்டியிட்டுப் பூச்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வணக்கம் சொன்னார். அந்தச் சுவர்கள் இருநூறு வருடத்துக்கும் மேலாக மழை தாங்கி நிற்கின்றன. அதைக் கட்டிய தச்சர்களையும் கூரை வேய்ந்தவர்களையும் மண் மிதித்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றப் போவதில்லை. ஒழுகாத கூரை சின்ன விஷயம் இல்லை. அது மட்டும் போதும் என்று நினைத்துக் கொடுப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

இரவு அம்மாவோடு பேசும்போது சந்தைக் கல்லின் படத்தை அனுப்பினேன். பள்ளிக்கூடம் போன கதையையும் தர்மக் குடியிருப்பு வந்த கதையையும் சொன்னேன். நான் கண்டுபிடித்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அவள் குறுக்கே பேசவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று மூச்சுச் சத்தத்திலிருந்து தெரிந்தது. தொகுப்பு வீட்டுக்குக் குடிபோன பிறகும் அவள் ஒவ்வொரு வாரமும் மூன்று மைல் நடந்து பழைய ஊர்ச் சந்தைக்குத்தான் போனாள். பக்கத்திலேயே கடை இருந்தும் போனாள். திரும்பி வரும்போது பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாயங்காலம் முழுக்க அங்கே பார்த்த ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

"ஏண்டா, அங்க என்ன கிழமைச் சந்தை?" என்று கேட்டாள்.